கோவையின் கலை அரங்குகளும் கொங்கு நாட்டுக் களங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிலும் கலை நிகழ்ச்சிகளைக் காண விரும்புவோரும், முதன்முறையாக ஒரு நிகழ்ச்சியை நடத்த முன்வருவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். ஒரு கட்டடத்தைக் கட்டித் திறப்பதாலேயே அது மக்களின் கலையிடம் ஆகிவிடுவதில்லை. மாதந்தோறும் யாரேனும் அங்கே பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், பேசுகிறார்கள், அதைக் கேட்க ஊரார் வருகிறார்கள் என்றால்தான் அந்த இடம் உயிரோடு இருக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து எழுதப்பட்டவை.

பொதுக் கலையிடம் என்று எவற்றைக் குறிப்பிடுகிறீர்கள்?

குளிரூட்டிய கலையரங்குகளை மட்டும் குறிப்பிடவில்லை. பள்ளி, கல்லூரி அரங்குகள், நூலகக் கூடங்கள், ஓவியக் கூடங்கள், அருங்காட்சியகங்கள், கோயில் வளாகங்கள், நோம்பி எனப்படும் ஊர்த் திருவிழா நாளில் ஊர் கூடும் மைதானங்கள், குளக்கரைகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கொங்கு நாட்டின் கலைகளில் பெரும்பகுதி கூரையில்லாத இடங்களில் வளர்ந்தது. அதனால் திறந்தவெளியை விட்டுவிட்டு இங்குள்ள கலையிடங்களைக் கணக்கெடுத்தால் பாதிக்குமேல் விடுபட்டுப் போகும்.

கோவை நகரில் இசை, நாடகம், நடனம், சொற்பொழிவு நடைபெறும் முக்கியமான அரங்குகள் எவை?

கிக்கானி மேல்நிலைப்பள்ளி வளாகத்திலுள்ள அரங்கும், பாப்பநாயக்கன்பாளையம் மணி மேல்நிலைப்பள்ளியிலுள்ள நாணி கலையரங்கமும், நவ இந்தியா பகுதியிலுள்ள எஸ்.என்.ஆர். கல்லூரிக் கலையரங்கமும் நகரத்து ரசிகர்கள் நெடுங்காலமாக அறிந்தவை. ஆர்.எஸ்.புரத்தில் பாரதிய வித்யா பவன் உள்ளது. கர்நாடக இசைக் கச்சேரிகளையும் ஆன்மிகச் சொற்பொழிவுகளையும் விரும்புவோர் அங்கே போகலாம். அதே பகுதியில் மாநகராட்சிக் கலையரங்கமும், கௌலி பிரவுன் சாலையில் மாவட்ட மைய நூலகமும் இருக்கின்றன. நவீன இலக்கிய வாசகர்களுக்கு ஆர்.எஸ்.புரம் ராஜஸ்தானி சங்கக் கட்டடமும் பழகிய இடமே. 2010இல் தொடங்கிய விஷ்ணுபுரம் இலக்கிய விருதையொட்டி, டிசம்பர் மாதத்தில் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் அங்கே வந்து கூடியிருக்கிறார்கள்.

பெருந்திரளுக்கு என்றால் அவிநாசி சாலையை ஒட்டிய கொடிசியா வளாகம்தான். 2010 ஜூன் மாதத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு அங்கேதான் நடைபெற்றது. கோவை புத்தகத் திருவிழாவும் அதே வளாகத்தில்தான் நடக்கிறது. ஆயினும் அது தொழிற்கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட இடம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தனி வீணைக் கச்சேரிக்கோ சிறு நாடகத்துக்கோ அது ஏற்றதன்று.

இவற்றுள் பல ஏன் பள்ளி, கல்லூரி வளாகங்களுக்குள்ளேயே அமைந்திருக்கின்றன?

கோவை வளர்ந்த விதமே அதற்குக் காரணம். தஞ்சை, மதுரை போல அரசர்களின் ஆதரவில் கலை வளர்ந்த தலைநகரம் அல்ல இது. 1888இல் முதல் நூற்பாலை தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைகளை நடத்திய குடும்பங்கள் தங்கள் வருவாயில் ஒரு பங்கை அறக்கட்டளைகளாக்கிப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவின. 1926இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. அறநிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி கட்டியவர்கள் கூடவே ஒரு கலையரங்கையும் கட்டினார்கள். மாலையில் மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு அந்த அரங்குகளில் சபாக்களும் நாடகக் குழுக்களும் நிகழ்ச்சி நடத்தின.

இந்த ஏற்பாட்டால் நகரம் பெரும் நன்மை அடைந்திருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே சமயம் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. தேர்வுக் காலத்தில் அரங்கு கிடைக்காது; பள்ளி ஆண்டுவிழாக்கள் நடக்கும் மாதங்களில் வெளியாருக்கு நாள் ஒதுக்குவது கடினம்; ஒத்திகைக்கு முந்தைய நாளே மேடையைக் கொடுப்பதும் அரிது. ஒளியமைப்பையே நம்பியிருக்கும் நவீன நாடகக் குழுக்களுக்கு இது பெரிய இடர். ஒத்திகை நாளும் சேர்த்து, குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் நடுத்தர அளவிலான ஒரு பொது அரங்கு கோவைக்குத் தேவை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம், இன்னும் சொல்வோம்.

கோவையின் பழைய அரங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மணிக்கூண்டுப் பகுதியில் உள்ள விக்டோரியா ஹால் 1892இல் கட்டப்பட்டது. மாநகராட்சி மன்றக் கூட்டங்கள் அங்கே நடைபெற்றுவருகின்றன. அந்த வட்டாரத்துக்கே டவுன்ஹால் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கிருந்து நடக்கும் தொலைவில் இருக்கும் வெரைட்டி ஹால் சாலைக்குப் பின்னால் இன்னொரு வரலாறு உண்டு. இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சலனப்படம் காட்டினார். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கை நிறுவினார். தென்னிந்தியாவின் தொடக்ககால நிரந்தரத் திரையரங்குகளுள் அது ஒன்று. பிற்காலத்தில் டிலைட் என்ற பெயரால் அறியப்பட்டது. 1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ தொடங்கப்பட்டபோது, படத்தைக் காட்டிய ஊர் படத்தை எடுக்கும் ஊராகவும் ஆயிற்று.

ஓவியங்களையும் அரும்பொருள்களையும் காண எங்கே செல்லலாம்?

அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி ஸ்ரீநிவாசன் கலைக்கூடத்தை முதலில் சொல்வோம். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் இயக்குநராக இருந்த கஸ்தூரி ஸ்ரீநிவாசனின் முயற்சியால் உருவான இடம் அது. ஓவியக் கண்காட்சிகளோடு, நூற்பும் நெசவும் வளர்ந்த கதையைச் சொல்லும் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை ஒருவர் அங்கே போனால், தன் தாத்தா நின்ற கருவியின் மூதாதையைப் பார்க்கலாம். ஓவியம் தனக்கில்லை என்று நினைத்திருந்தவருக்கும் அந்தக் கூடம் தன்னுடையது என்ற உணர்வு அங்கே வருகிறது. இப்படி ஊரின் தொழிலையும் கலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்த இடங்கள் தமிழகத்தில் அதிகம் இல்லை.

வனக் கல்லூரி வளாகத்திலுள்ள காஸ் வன அருங்காட்சியகம் 1902இல் தொடங்கப்பட்டது. ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகளைக் காட்டும் அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் உள்ளது. உக்கடம் புல்லுக்காட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர்களில் தீட்டப்பட்டுள்ள பெரிய ஓவியங்களுக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. அவற்றைப் பார்க்கச் செல்வோர் அது மக்கள் குடியிருக்கும் இடம் என்பதை மறக்காமல், வீட்டு வாசல்களை நோக்கிக் கேமராவைத் திருப்பாமல், அமைதியாகப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

கும்மி, ஒயிலாட்டம், பறை, உடுக்கடிப் பாட்டு முதலிய கொங்கு நாட்டுக் கலைகளை எங்கே காணலாம்?

எந்த அரங்கின் நிகழ்ச்சி நிரலிலும் இவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊர் நோம்பிகளின் நாளைத் தெரிந்துகொண்டால் போதும். மாசியில் கோவை கோனியம்மன் தேரும் காரமடை அரங்கநாதர் தேரும் ஓடுகின்றன. பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் நோம்பியைத் தொடங்கும் சடங்காகப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, மஞ்சள் நீராட்டோடு நோம்பி நிறைவுறும். நட்ட கம்பத்தைச் சுற்றி இளைஞர்கள் ஆடுவதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வருவார்கள். சிற்றூர்களிலும் பூச்சாட்டிய நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் கோயில் முன் ஏதாவது ஓர் ஆட்டம் இருக்கும்.

வள்ளிக் கும்மி இன்று கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் புத்துயிர் பெற்றிருக்கிறது. வள்ளி முருகனை மணந்த கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடும் இந்தக் கலையை முன்பு ஆண்களே ஆடிவந்தார்கள். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் பெண்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார். 2024இல் தமது எண்பத்தேழாம் வயதில் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். இப்போது ஓர் ஊரில் கும்மி தொடங்குகிறது என்றால், ஆசிரியர் ஒருவர் மாலைதோறும் வந்து கற்றுக்கொடுப்பார். வீட்டு வேலையையும் பனியன் கம்பெனி வேலையையும் முடித்துவிட்டுப் பெண்கள் வருவார்கள். பாடம் முழுவதும் பழகியான பிறகு ஊரார் முன்னிலையில் அரங்கேற்றம் நடைபெறும். அரங்கேற்ற நாளில் ஆசிரியர் வட்டத்தின் நடுவே மைக்கைப் பிடித்துப் பாட, ஒரே நிறப் புடவையில் சிறுமி முதல் பாட்டி வரை சுற்றி வருவதைக் கண்டால், எது மேடை, எது பார்வையாளர் பகுதி என்ற பிரிவே அங்கே இல்லை என்பது விளங்கும்.

அண்ணன்மார் கதை என்னும் பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடுவோர் காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் இன்னும் இருக்கிறார்கள். கதையை முழுமையாகப் பாடப் பல இரவுகள் ஆகும். கால்களில் பெரிய சலங்கைகளைக் கட்டி ஆடும் பெருஞ்சலங்கையாட்டமும், துடும்பு என்னும் பெரிய தோற்கருவியை முழக்கி ஆடும் துடும்பாட்டமும், மேளமடித்து ஆடும் ஜமாப்பும் கோவை, திருப்பூர் பகுதிகளுக்கே உரிய அடையாளங்கள். ஆனைகட்டி மலைப்பகுதியில் இருளர் மக்கள் குழலும் தோற்கருவிகளும் முழங்க ஆடும் ஆட்டத்தை அவர்களுடைய விழாக்களில், அவர்கள் அழைத்தால் மட்டும் சென்று பார்ப்பது முறை.

இந்த நாட்டுப்புறக் கலைகளை நகரத்து அரங்கில் நிகழ்த்தலாமா?

நிகழ்த்தலாம். ஆனால் மேடைக்கு ஏற்றபடி கலையை வெட்டிச் சுருக்குவதைவிட, கலைக்கு ஏற்றபடி இடத்தை மாற்ற முயல்வதே நல்லது. அறுபது பேர் ஆடும் கும்மி வட்டத்தைச் சாதாரணப் பள்ளி மேடையில் ஏற்றினால் இருபது பேருக்குமேல் நிற்க இடமிருக்காது. வட்டம் நசுங்கி நீள்வரிசையாகிவிடும். பார்ப்பவருக்கு முதுகு மட்டுமே தெரியும். அதே வளாகத்தின் விளையாட்டு மைதானத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டு, நடுவே ஆசிரியருக்கு ஒரு மைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பறைக்கு வேறு ஒரு கவனம் வேண்டும். அடிப்பதற்கு முன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டி இறுக்குவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று எழும்வரை திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். குளிரூட்டிய அரங்குக்குள் நீண்ட நேரம் காத்திருக்க வைத்தால் தோல் தளர்ந்து ஓசை மங்கிவிடும். ஆகவே அரங்குக்கு வெளியே, வாகனங்கள் நிற்காத பக்கமாக, தீ மூட்ட ஓர் இடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவைக்க வேண்டும். குழுவை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே மேடைக்கு அழைத்துவிட வேண்டும். மூடிய கூடத்தில் பறைக்கு மைக் வைப்பதும் தேவையற்றது.

உடுக்கடிப் பாட்டுக்கு இதற்கு நேர்மாறான ஏற்பாடு தேவை. அது அமர்ந்து கேட்கும் கலை. சிறிய கூடம், தரையில் ஜமக்காளம், மங்கிய விளக்கு, இரண்டு மணி நேரம் இவை போதும்.

ஈரோடு, திருப்பூர், உடுமலை ஆகிய ஊர்களில் என்ன இருக்கிறது?

ஈரோட்டைப் பொறுத்தவரை, 2005இல் மக்கள் சிந்தனைப் பேரவை தொடங்கிய புத்தகத் திருவிழாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறும் அந்தத் திருவிழாவின் மாலைச் சொற்பொழிவுகளைக் கேட்பதற்கென்றே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். வ.உ.சி. பூங்கா மைதானம் பல ஆண்டுகள் அதன் களமாக இருந்தது. நிரந்தரக் கட்டடம் ஏதும் இல்லாமல், பந்தலும் தகரக் கூரையும் கொண்டே ஒரு பண்பாட்டு மையத்தை உருவாக்க முடியும் என்பதை ஈரோடு காட்டியது. பெரியார், அண்ணா நினைவகமும் அரசு அருங்காட்சியகமும் அங்கே உண்டு.

திருப்பூரில் தை, மாசி வாக்கில் புத்தகத் திருவிழா நடைபெறுகிறது. பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயணகவிக்கு உடுமலைப்பேட்டையில் மணிமண்டபம் இருக்கிறது.

அரங்கை முன்பதிவு செய்யும்போது எவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்?

வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டியவர்கள், கடைசி நாளில் சிரமப்படுவதை அடிக்கடி காண்கிறோம். சொல்லப்படும் தொகையில் குளிர்சாதனம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, காவலாளி, ஜிஎஸ்டி ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். மாலை 6 மணி நிகழ்ச்சிக்கு ஒலி, ஒளி அமைப்பாளர் பிற்பகல் 2 மணிக்கே உள்ளே நுழைய வேண்டியிருக்கும். அரங்கின் சொந்த ஒலிபெருக்கியைத்தான் பயன்படுத்த வேண்டுமா, வெளி மைக் செட் கொண்டுவரலாமா, மேடையில் ஆணி அடிக்கலாமா, குத்துவிளக்கு ஏற்றலாமா, பார்வையாளர்களுக்குத் தேநீர் எங்கே கொடுக்கலாம், நிகழ்ச்சி தள்ளிப்போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் காலி அரங்கில் ஒருமுறை கடைசி வரிசையில் போய் அமர்ந்து, மேடையில் ஒருவரை மைக் இல்லாமல் பேசச் சொல்லிக் கேளுங்கள். எதிரொலி அதிகமுள்ள கூடத்தில் எவ்வளவு செலவு செய்து ஒலியமைத்தாலும் நாடக வசனம் காதில் விழாது.

எங்கள் நிகழ்ச்சிக்கு ஐம்பது முதல் நூறு பேர்தான் வருவார்கள். பெரிய அரங்கு தேவையா?

தேவையில்லை. ஆயிரம் இருக்கைகளில் நூறு பேர் சிதறி அமர்ந்தால் பாடுபவருக்கும் சோர்வு, கேட்பவருக்கும் சோர்வு. கவிதை வாசிப்பு, நூல் அறிமுகம், குறும்படத் திரையிடல், வளரும் கலைஞரின் முதல் கச்சேரி ஆகியவற்றுக்கு நூலகக் கூடம், பள்ளி வகுப்பறை, குடியிருப்போர் சங்கக் கட்டடம், பெரிய வீட்டின் மொட்டைமாடி ஆகியவை நல்ல இடங்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை என்பதுபோல ஒரே நாளையும் ஒரே இடத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால், அழைப்பிதழ் இல்லாமலே ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

யாரிடமெல்லாம் அனுமதி பெற வேண்டும்?

மூடிய அரங்கு என்றால் அரங்கு நிர்வாகத்தின் ஒப்புதலோடு, அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது. திறந்தவெளி என்றால் இடத்துக்கு உரியவர் யார் என்பதைப் பொறுத்து மாநகராட்சி, ஊராட்சி அல்லது கோயில் செயல் அலுவலரின் அனுமதியும், ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் அனுமதியும், மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பும் தேவைப்படும். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆடுபவர்களின் உயிருக்கே அது ஆபத்து.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம் என்பதையும் இடம் தேர்ந்தெடுக்கும்போதே கருத்தில் கொள்ளுங்கள். விடிய விடிய நடக்க வேண்டிய கூத்தை இந்த விதிக்குள் நடத்துவது எப்படி என்று கேட்கிறார்கள். பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, ஆட்டக்காரர்களின் சொந்தக் குரலில் தொடர்வதே வழி. ஒலிபெருக்கி வருவதற்கு முன் கூத்து அப்படித்தான் நடந்தது. பார்வையாளர்கள் நெருங்கி அமர்ந்தால் கேட்கும்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுக்க வேண்டுமா?

1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டம் அவ்வாறு கோரியது. அதன் முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. நாடகக்காரர் ஒருவரே தொடுத்த வழக்கில் கிடைத்த தீர்ப்பு அது. அரங்கு நிர்வாகம் கதைச் சுருக்கம் கேட்டால் கொடுக்கலாம்.

நிகழ்ச்சியில் பிறருடைய பாடல்களைப் பாடலாமா?

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்குத் தடையில்லை. பாரதியார் பாடல்களை அன்றைய சென்னை மாகாண அரசு 1949இலேயே நாட்டுடைமையாக்கிவிட்டது. திரைப்பாடல்களுக்கும் புதிய பாடல்களுக்கும் பதிப்புரிமை உண்டு. கட்டணம் வாங்கி நடத்தும் மெல்லிசை நிகழ்ச்சிகளுக்கு பாடல்களின் பதிப்புரிமையை நிர்வகிக்கும் சங்கத்திடம் உரிமம் பெற வேண்டும். தொழில்முறை அல்லாத ஒரு மன்றம் கட்டணமின்றி வருவோர் முன்னிலையில் நிகழ்த்துவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. நாட்டுப்புறப் பாடலுக்குப் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் இல்லாவிட்டாலும், அதை யாரிடமிருந்து கற்றோம், எந்த ஊரில் கேட்டோம் என்று மேடையில் சொல்வது சட்டம் கேட்காத, ஆனால் நாம் செய்ய வேண்டிய மரியாதை.

நுழைவுக் கட்டணம் வைக்கலாமா? வரி உண்டா?

வைக்கலாம், வைக்க வேண்டும் என்றே சொல்வோம். கோவையில் இலவச அனுமதிச் சீட்டு பழகிவிட்டதால், நூறு ரூபாய்க் கட்டணம்கூட அதிகம் என்று நினைப்போர் இருக்கிறார்கள். ஆனால் புரவலர் ஒருவரை மட்டுமே நம்பி நடக்கும் நிகழ்ச்சி, அவர் கைவிட்ட அன்றே நின்றுவிடும். இசை, நடனம், நாடக நிகழ்ச்சிகளுக்கு ஒரு நபருக்கு 500 ரூபாய்க்கு மிகாத நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நாட்டுப்புற அல்லது செவ்வியல் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்குப் பெறும் ஊதியம் 1,50,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. மாணவர்களுக்கும் முதியோருக்கும் சலுகை வையுங்கள். வாங்க இயலாதவருக்கு வாசலில் ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள்.

திறந்தவெளி நிகழ்ச்சிக்கு எந்த மாதங்கள் ஏற்றவை?

மார்கழி முதல் மாசி வரை மிக நன்று. சனவரி மாதத்தில் பொங்கல் விழாக்களையொட்டித் தொடர்ந்து நிகழ்ச்சிகள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்வதால் திறந்தவெளியைத் தவிர்ப்பது நல்லது. வெளியூர்க்காரர்கள் எதிர்பாராதது ஆனி, ஆடி மாதத்துக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளில் மிக வேகமாக வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பதாகையும் பந்தலும் எம்மாத்திரம்! அந்த மாதங்களில் மேடையின் முதுகு மேற்கு நோக்கி இருக்கும்படி அமைக்க வேண்டும், பின்திரையில் காற்றுப்போகத் துளைகள் விட வேண்டும், மைக்குகளுக்குப் பஞ்சு உறை போட வேண்டும்.

நாட்டுப்புறக் கலைஞர்களை அழைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஊதியத்தை முன்னதாகவே பேசி, பாதியை முன்பணமாக அனுப்பி, மீதியை நிகழ்ச்சி முடிந்த அன்று இரவே கொடுத்துவிட வேண்டும். போக்குவரத்தும் உணவும் ஊதியத்தில் சேராது. இடைத்தரகர் வழியாக அழைத்தால், கலைஞரின் கைக்கு எவ்வளவு போகிறது என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பறையும் உருமியும் இசைப்பவர்கள் பல ஊர்களில் இன்றும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். அவர்களுக்குத் தனி இடத்தில் உணவு கொடுக்கப்படுகிறது. சிறப்பு விருந்தினர் அமரும் அதே பந்தியில் அவர்களையும் அமர்த்துங்கள். ஒப்பனை அறையை நடனக் கலைஞர்களுக்கு மட்டும் ஒதுக்காமல் அவர்களுக்கும் கொடுங்கள். மேடையில் குழுவின் பெயரை மட்டும் அறிவிக்காமல் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, பொன்னாடை போர்த்துங்கள். இதைச் செய்ய மறுக்கும் இடத்தை மக்களின் கலையிடம் என்று அழைக்க எங்களால் இயலாது.

நலிந்த கலைஞர்களுக்கு நிதியுதவியும், ஆடை அணிகலன், இசைக்கருவி வாங்க உதவித்தொகையும் தமிழ்நாடு அரசு வழங்குகிறது; நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் இயங்குகிறது. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாததாலேயே விடுபட்டுப்போனவர்கள் பலர். நீங்கள் அழைக்கும் கலைஞர் வாரியத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் மண்டலக் கலை பண்பாட்டு மையத்துக்கு அவரோடு ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

பெண்களும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் எளிதாக வந்துபோக என்ன செய்யலாம்?

நிகழ்ச்சியை 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்குள் முடியுங்கள். இரவு ஏற ஏற நகரப் பேருந்துகள் குறைந்துவிடும். அன்னூர், கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து வருவோர் பாதியில் எழுந்து போக நேரிடும். முக்கிய விருந்தினருக்காகக் காத்திருந்து 7 மணிக்குத் தொடங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சாய்தளம் வாசலில் மட்டும் இருந்தால் போதாது. மேடைக்கும் இருக்க வேண்டும், ஏனெனில் சக்கர நாற்காலியில் வருபவர் கலைஞராகவும் இருக்கலாம். கழிப்பறையில் தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்பதை நிகழ்ச்சி நாளின் காலையிலேயே ஒருவர் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கலைகளைக் கற்பிக்க எங்கே அனுப்பலாம்?

கோவை மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை அங்கே மூன்றாண்டுப் படிப்பாகக் கற்கலாம். 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் விடுமுறை நாள்களில் பயிற்சி அளிக்கின்றன. பறை கற்க விரும்புவோருக்குக் கோவையில் நிமிர்வு கலையகம் போன்ற குழுக்கள் உண்டு. கும்மிக்கோ பக்கத்து ஊரில் எங்கே பயிற்சி நடக்கிறது என்று விசாரித்து, மாலையில் கூட்டிக்கொண்டு போனால் போதும். பெரும்பாலும் பெற்றோரும் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் ஊரில் நோம்பி நடக்கும் மைதானம் வண்டி நிறுத்துமிடமாக மாறிவருகிறது. அதைக் காக்க வழி உண்டா?

உண்டு. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடத்தின் புல எண்ணையும், அது எந்த வகைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோயிலுக்கு உரியதாக இருந்தால் அறநிலையத் துறையிடமும், ஊராட்சிக்கு உரியதாக இருந்தால் கிராம சபையிலும் கோரிக்கையை வைக்கலாம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. ‘இந்த இடம் ஊர்ப் பொது நிகழ்ச்சிகளுக்கு மட்டும்’ என்று தீர்மானம் நிறைவேற்றி, பதிவேட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்து, அதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள். கட்டடம் கேட்காதீர்கள், நிழலுக்கு வேம்பும் புங்கனும், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கழிப்பறைகள், பூட்டோடு கூடிய மின்பெட்டி ஆகியவற்றைக் கேளுங்கள். தீர்மானம் வந்த மாதத்திலேயே அங்கே கும்மிப் பயிற்சியையோ பிள்ளைகளின் சிலம்ப வகுப்பையோ தொடங்கிவிடுங்கள்; தினமும் மாலையில் ஆட்கள் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்த யாரும் வரமாட்டார்கள்.